சூடுபட்ட பாலும் சொட்டுப் பாலும்

பொம்மிடி ரயில் நிலையத்துக்குத் தெற்கே, தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவள் வெண்மதி. அப்பா சென்னப்பன் ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். வீட்டுப் பிள்ளைகளில் இவள் ஒருத்திதான் தடுப்பூசி போடும்போது அழாமல் ஊசியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வந்து, மேற்கொண்டு என்ன படிக்க வைப்பது என்ற பேச்சு எழுந்தபோது சென்னப்பன் அதைத்தான் சொன்னார்.

"ஊசியப் பாத்து பயப்படாத புள்ள. நர்ஸுக்கே படிக்கட்டும்."

வேறு யோசனை யாருக்கும் தோன்றவில்லை. சேலத்தில் படித்து முடித்தாள். இரண்டொரு தனியார் ஆஸ்பத்திரிகளில் இருந்துவிட்டு, கடைசியில் தர்மபுரியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில் ஒப்பந்த நர்ஸாகச் சேர்ந்தாள்.

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகள் வருகிற வார்டு அது. சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளும் கட்டில்களில், உள்ளங்கை அகலமே உள்ள முதுகோடு குழந்தைகள் கிடக்கும். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு வந்திருக்காது. உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒரே நேரத்தில் முடிகிற வயது வரும்வரை, வாய்வழியாக வயிற்றுக்குள் செலுத்திய மெல்லிய குழாயில்தான் பால் போக வேண்டும். சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, பால் தன் எடையிலேயே மெதுவாக இறங்கும்படி விட வேண்டும். அமுக்கித் தள்ளினால் குழந்தை கக்கிவிடும். அந்த வேலையில் வெண்மதிக்கு நல்ல கை. அவசரம் என்பதே இல்லாத கை.

அடுத்த வேளைப் பால் கொடுக்கும் முன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். மெத்தென்று இருந்தால் சரி. உப்பி, தோல் பளபளத்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுவாள். சந்தேகம் வந்தால் குழாயில் காலி சிரிஞ்சை வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்பதும் உண்டு. போன வேளைப் பால் செரிக்காமல் தங்கியிருந்தால் அது திரும்பி வரும். பித்தம் கலந்து பச்சை நிறத்தில் வந்துவிட்டால், குடலில் ஏதோ கோளாறு என்று வார்டே கொஞ்சம் வேகமாக நடக்கும்.

தாய்மார்களோடும் அவள் நன்றாகப் பேசுவாள். பால் வரவில்லை என்று கண்ணைக் கசக்குகிறவர்களிடம், "கவலப்பட்டா பால் சுரக்காதும்மா. மனச சந்தோஷமா வெச்சுக்கங்க, தானா வரும்" என்பாள். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் போர்வெல் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த சின்னராஜைக் கட்டிக்கொண்டாள். அவன் அதிகம் பேசமாட்டான். பேசினால் மோட்டாரைப் பற்றிப் பேசுவான். காலையில் பொம்மிடியில் அவளைத் தர்மபுரி பஸ்ஸில் ஏற்றிவிடுவான், சாயங்காலம் அதே இடத்தில் பைக்கோடு நிற்பான். இரண்டு வருஷம் கழித்து அவள் வயிற்றில் கரு தங்கியது.

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை டியூட்டியில், கையுறையை மாட்ட முடியாமல் விரல்களைப் பிதுக்கிக்கொண்டிருந்தவளை வார்டின் மூத்த நர்ஸ் வேளாங்கண்ணி பார்த்துவிட்டார். காரிமங்கலத்துக்காரர். சத்தமாகப் பேசுகிறவர், அன்றைக்குக் குரலை இறக்கிக்கொண்டு வந்தார்.

"ஏண்டி, மூஞ்சியெல்லாம் இப்பிடி வீங்கிக் கெடக்குது? பிரஷர் பாத்தியா?"

"நேத்துகூட தலவலிதாங்க சிஸ்டர். வெயில்ல வந்ததால இருக்கும்னு..."

"வெயிலாம் வெயிலு. உக்காரு மொதல்ல."

கையில் பட்டையைக் கட்டிப் பம்பை அழுத்தினார் வேளாங்கண்ணி. காட்டிய எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்காலியோடு தள்ளிக்கொண்டே பிரசவ வார்டுக்குப் போனார். ஊசிகள் போட்டு இரண்டு நாள் தள்ளிப் பார்த்தார்கள். அதற்கு மேல் தாய்க்கு ஆபத்து என்று அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோவைச் சற்றே தாண்டியிருந்தது.

வெண்மதிக்கு நினைவு தெளிவாகத் திரும்பியபோது, சின்னராஜ் கட்டில் அருகில் நின்றுகொண்டிருந்தான்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். உங்க வார்டுலதான் வெச்சிருக்காங்க. அழுவுது, ஆனா சத்தமே வரல." கையால் அளவு காட்டி, "சின்னதா இருக்குது மதி. ரொம்பச் சின்னதா இருக்குது" என்றான்.

தினமும் வேலை பார்த்த வார்டுக்குள் அவள் சக்கர நாற்காலியில் போனாள். ஜன்னலோரக் கட்டில். மூக்கில் காற்றுக்குழாய், காலில் ஒரு கம்பி, வாயில் பால்குழாய். எல்லாமே அவளுக்குத் தெரிந்த சாமான்கள்தாம். எத்தனையோ குழந்தைகளுக்கு அவள் கையாலேயே மாட்டிவிட்டவை. ஆனால் அந்தக் கட்டிலின் விளிம்பில் கை வைத்ததும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிற்று. மானிட்டரைப் பார்ப்பாளா, குழந்தையின் முகத்தைப் பார்ப்பாளா? வயிற்றைத் தொடலாமா என்று வேளாங்கண்ணியைக் கேட்டாள்.

"உன் புள்ள. நீ என்னையக் கேக்கற?" என்றார் வேளாங்கண்ணி. பிறகு, "கையக் கழுவிட்டுத் தொடு" என்றார்.

பால் வரவில்லை. அறுவை, பிரஷர், மாதம் நிறையாத பிரசவம். எல்லாம் சேர்ந்தால் தாமதமாகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? பம்பை வைத்து இழுத்தால் மார்பு வலித்தது, கிண்ணம் காய்ந்தே இருந்தது. எப்போதாவது மஞ்சளாகச் சீம்பால் ஒரு துளி எட்டிப் பார்க்கும். அதைப் பஞ்சில் தொட்டுக் குழந்தையின் கன்னத்து உட்புறம் தடவுவார்கள். அவ்வளவுதான்.

அதுவரைக்கும் குழந்தைக்கு வங்கிப் பால். வார்டுக்கு எதிர் அறையில் தாய்ப்பால் வங்கி இருந்தது. தன் பிள்ளைக்குப் போக மிச்சம் சுரக்கிற பெண்கள், ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு, அங்கே பால் கொடுப்பார்கள். பலர் பாலைச் சேர்த்து, அறுபத்திரண்டரை டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வைத்து, சட்டென்று குளிரவைத்து, உறைய வைப்பார்கள். தேவைப்படும்போது உருக்கி எடுப்பார்கள். யார் பால் எந்தக் குழந்தைக்குப் போகிறது என்று சொல்வதில்லை. "பாட்டில் மாவுப் பாலவிட இது எவ்வளவோ மேல். சின்னக் குடலுக்கு மாட்டுப்பால்ல செஞ்சது ஒத்துக்காது" என்று வெண்மதியே எத்தனை குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறாள்!

இப்போது அவள் பிள்ளைக்கு அந்தப் பால் போனது. குழந்தை கக்கவில்லை. வயிறு கல்லாகவும் இல்லை. ஆனால் சாயங்காலமானால் லேசாக உப்பிக்கொண்டது. மலத்தில் எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கு. எடை ஏறவில்லை. பிறந்ததும் கொஞ்சம் குறையும், பிறகு ஏறும் என்பது கணக்கு. இவள் பிள்ளைக்குக் குறைந்தது குறைந்தபடியே நின்றது.

ஒரு மத்தியானம், வராந்தாவில் அம்மா கொடுத்தனுப்பிய பூண்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். சின்னராஜ் பக்கத்தில் இருந்தான். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போகாமல் குச்சியால் நோண்டிக்கொண்டே கேட்டான்.

"பால் உள்ள போவுது, ஆனா ஒடம்புல ஒட்டலேங்கறாங்களே. அது எப்பிடி?"

"கொழுப்பு செரிக்காம வெளிய போயிருதுங்க. தாய்ப்பால்ல கொழுப்பு மட்டும் இல்ல, அத செரிக்க வெக்கற ஒரு சத்தும் அதுலயே கலந்து வரும். பெரிய ஆளுங்களுக்கு அது வயித்துலயே ஊறுது. கொறமாசப் புள்ளைக்கு இன்னும் ஊறல. அதனால பால்ல வர்றதத்தான் நம்பியிருக்குது."

"செரி. அது வங்கிப் பால்ல இல்லியா?"

"சூடு பண்ணுனா அது செத்துப் போயிருதுங்க. கிருமியும் சாவுது, கூடவே அதுவும் சாவுது."

சின்னராஜ் குச்சியைக் கீழே போட்டான். "அப்ப செப்புக் காயிலு எரிஞ்சு போன மோட்டாருன்னு சொல்லு."

"அய்ய, அப்பிடி இல்ல. மோட்டாரு நல்லாத்தான் இருக்குது. சத்தெல்லாம் அப்பிடியே இருக்குது. ஸ்டார்ட்டருதான் இல்ல."

அவன் தலையை ஆட்டினான். பிறகு எழுந்துபோய்க் கை கழுவினான். உடம்புச் சூடு கிடைக்கும்படி குழந்தையை வெற்று நெஞ்சோடு வைத்துக்கொள்ள அன்றைக்கு அவன் முறை. சட்டையைக் கழற்றிவிட்டு, மற்ற பெண்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டபடி சாய்வு நாற்காலியில் சாய்ந்தான். வேளாங்கண்ணி குழந்தையை அவன் மார்பில் குட்டித் தவளை போல ஒட்டவைத்து மேலே துணியைச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தான். மூச்சையே அளந்துதான் விட்டான்.

தாய்மார்கள் வார்டில் வெண்மதிக்கு அடுத்த கட்டிலில் செல்லி இருந்தாள். சித்தேரி மலைக்கு ஏறும் வழியில் ஒரு சிற்றூர். அவள் பையன் மாதம் நிறைந்து பிறந்தவன். மஞ்சள் காமாலைக்காக நீல விளக்குக்கு அடியில் வைத்திருந்தார்கள். செல்லிக்குப் பால் சுரந்து கொட்டியது. சேலை நனைந்துவிடுகிறது என்று துண்டை மடித்து வைத்துக்கொள்வாள். வங்கிக்குத் தினமும் கொடுத்தாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பீய்ச்சுவாள், கிண்ணம் நிறைந்துவிடும்.

வெண்மதி அந்தக் கிண்ணத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். தன் பம்பில் கிண்ணத்தின் அடியில் ஒட்டுகிற ஈரத்தை மட்டும் பார்ப்பாள். மூன்று வேளை எடுத்தால் ஒரு வேளை ஒரு மில்லி சேரும். சில சமயம் அதற்கும் கொஞ்சம் மேலே. ஆரம்பத்தில் பஞ்சில் தடவக் கொடுத்தனுப்பினாள். பிறகு, வங்கிப் பால் அளவு கூடக் கூட, இதைப் போய் வார்டில் நீட்டுவதற்கே வெட்கமாக இருந்தது. உடன் வேலை பார்க்கிறவர்கள் கையில் இதை எப்படிக் கொடுப்பது? துணியால் துடைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள்.

அன்றைக்கு அதைத் துடைக்கும்போது வேளாங்கண்ணி வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கை வைத்தார்.

"கவலப்பட்டா பால் சுரக்காதும்மா. மனச சந்தோஷமா வெச்சுக்கோ."

வெண்மதிக்குக் கோபம் வந்தது. கிண்ணத்தை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள்.

"சந்தோஷத்த எங்கயிருந்து எடுத்துட்டு வர்றதுங்க சிஸ்டர்? ஸ்டோர்ல இருக்குதா? இருந்தா ரெண்டு பாக்கெட் எடுத்துக் குடுங்க."

வேளாங்கண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெண்மதி சொன்னாள், "நானும் இதையேதான் எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"நான்தான் மொதல்ல சொன்னது. என்கிட்ட இருந்து நீ புடிச்சுக்கிட்ட" என்றார் வேளாங்கண்ணி. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செல்லி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேளாங்கண்ணி போனதும் கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். கையில் அப்போதுதான் பீய்ச்சிய பால், கிண்ணம் நிறைய, இன்னும் உடம்புச் சூட்டோடு.

"அக்கா, உம் புள்ளைக்கு வங்கிப் பால்தானே குடுக்கறாங்க?"

"ஆமா."

"எதுக்கு அதக் கொண்டுபோயி சூடு பண்ணி, ஐசு வெச்சு, மறுக்கா உருக்கி... நீங்களும் அண்ணனும் அன்னிக்கு வராந்தாவுல பேசிக்கிட்டிருந்தது எங்காதுல வுழுந்துச்சு. சூடு பண்ணுனாத்தான் கெட்டுப் போவுதாமே? இந்தாக்கா. அப்பிடியே ஊத்துங்க. எனக்கு ஒரு சீக்கும் இல்ல. ரத்தமெல்லாம் எடுத்துப் பாத்துட்டாங்க."

வெண்மதி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "வங்கியில குடுத்துர்றேன்" என்றாள். செல்லி அவளையே பார்த்தாள்.

வராந்தாவில் இடது பக்கம் வங்கி, வலது பக்கம் வார்டு. வார்டில் அந்த நேரம் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் மட்டும்தான் இருந்தாள். வெண்மதி போய், "என் பால், குழாயில விட்ரு" என்று சொன்னால் போதும். ஏன் எதற்கு என்று கேட்கிறவள் இல்லை. பத்து மில்லி போதும். செரிக்க வைக்கிற சத்து சாகாத பால். உயிருள்ள பால். கிண்ணத்தின் சூடு விரல்களில் ஏறியது.

செல்லி நல்ல உடம்புக்காரிதான். ஆனால் ரத்தப் பரிசோதனையில் எல்லாக் கிருமியும் தெரிந்துவிடுவதில்லை என்று வெண்மதிக்குத் தெரியும். பெரியவர்கள் உடம்பில் சத்தமில்லாமல் உறங்குகிற வைரஸ் ஒன்று, ஒரு கிலோக் குழந்தையைப் படுக்கப் போட்டுவிடும். பீய்ச்சிய கையில் இருக்கிற கிருமி, துண்டில் இருக்கிற கிருமி. அதற்குத்தானே அந்தச் சூடு? இந்த வாதத்தை வேறு தாய்களிடம் அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அப்போதெல்லாம் அது சுலபமாக வாயில் வந்தது. இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

இடது பக்கம் திரும்பினாள். வங்கியில் இருந்த பெண்ணிடம் கிண்ணத்தைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நேராகக் குழந்தை டாக்டர் யுவராணியின் அறைக்குப் போனாள். நிற்கக்கூட இல்லை, உள்ளே போனதுமே சொல்லிவிட்டாள்.

"டாக்டர், செல்லியோட பால அப்பிடியே பாப்பாவுக்குக் குடுத்துரலாம்னு நெனச்சேன். கிண்ணம் கையில இருந்துச்சு."

யுவராணி நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயசு டாக்டர்தான், கண்ணுக்கடியில் எப்போதும் தூக்கம் பாக்கியிருக்கும். "குடுத்தீங்களா?"

"இல்லீங்க. வங்கியில குடுத்துட்டேன்."

"நல்லது. உக்காருங்க." அவர் திட்டவில்லை. "உங்க இடத்துல நான் இருந்தாலும் அதான் தோணியிருக்கும். ஆனா அந்த ரிஸ்க் வேண்டாம். பால சூடு பண்றதால நாம இழக்கறது கொஞ்சம். சூடு பண்ணாம குடுத்தா இழக்கக் கூடியது பெருசு. அதுவுமில்லாம, வெயிட் ஏறாததுக்கு பால் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. குடலே இன்னும் பழகல. நீங்க எத்தன பாப்பாவப் பாத்திருக்கீங்க."

"தெரியும் டாக்டர். தெரிஞ்சாலும் மனசு கேக்க மாட்டேங்குது."

"உங்களுக்கு எவ்வளவு வருது?"

வெண்மதி தலையைக் குனிந்துகொண்டாள். "என்னத்த வருது. ஒரு மில்லி, ஒண்ணர மில்லி. தொடச்சுட்டு கழுவி வெச்சர்றேன்."

"தொடைக்கறீங்களா!" யுவராணி பேனாவைக் கீழே வைத்தார். "இனிமே அதத் தொடைக்காதீங்க. அது சூடுபடாத பால். அதுல கொழுப்பச் செரிக்க வெக்கற என்ஸைம் உயிரோட இருக்கு. உங்க கிருமி ஏற்கெனவே பாப்பாவுக்குப் பழக்கமானதுதான், உங்க நெஞ்சுலதானே படுத்திருக்கு. உங்க பாலையும் வங்கிப் பாலையும் கலந்து, கொஞ்ச நேரம் வெச்சு, அப்புறம் குடுத்துப் பாக்கலாம். உங்க பால்ல இருக்கறது அந்தப் பாலோட கொழுப்பையும் ஒடைக்க ஆரம்பிக்கும். இத சில எடத்துல செஞ்சு பாத்திருக்காங்க. அற்புதம் நடக்கும்னு நான் சொல்லல. கெடுதல் இல்ல. பாத்துரலாம்."

"அவ்வளவு கொஞ்சத்துலயா?"

"எவ்வளவு இருக்கோ அவ்வளவு."

அன்று சாயங்காலத்திலிருந்து வெண்மதி பம்பை எடுக்கும் விதமே மாறியது. முன்பு கிண்ணம் நிறையவில்லையே என்று பார்த்தவள், இப்போது கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பதைக்கூடச் சிரிஞ்சின் நுனியால் வழித்தெடுத்தாள். முதல் வேளை ஒரு மில்லிக்கும் குறைவு. கொண்டுபோய் வேளாங்கண்ணி கையில் கொடுத்தாள். வெட்கம் முழுதாகப் போய்விடவில்லை. உருக்கி, உடம்புச் சூட்டுக்கு வந்திருந்த வங்கிப் பாலில் அதைச் சேர்த்து, மெல்லச் சுழற்றி, மூடி வைத்தார்கள். இரண்டு பாலும் கலந்ததற்கு அடையாளம் எதுவும் தெரியவில்லை. லேசாக மஞ்சள் பூத்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் நாளும் அதே எடை. சின்னராஜ் போன் செய்து, "ஸ்டார்ட்டரு புடிச்சுச்சா?" என்றான். "இன்னும் இல்லீங்க" என்றாள். இன்னும் இரண்டு நாளில் எடை ஏறவில்லை, ஆனால் சாயங்கால உப்புசம் வரவில்லை. வெண்மதி குழந்தையின் வயிற்றில் விரல் வைத்துப் பார்த்தாள். இட்லி மாவுபோல மெத்தென்று இருந்தது. அந்த வாரக் கடைசியில் துணியில் அந்த எண்ணெய் மினுக்கு குறைந்திருந்தது. பிறகு ஒரு காலையில் எடைக்கருவி கொஞ்சமாக ஏறிக் காட்டியது. எடை போட்ட புது நர்ஸ், தப்பாக இருக்குமோ என்று மறுபடி வைத்துப் பார்த்தாள். ஏறித்தான் இருந்தது.

கலந்த பாலால்தான் ஏறியதா, நாள் போனதால் குடல் தானே பழகிக்கொண்டதா என்று யுவராணியைக் கேட்டாள்.

"தெரியாது. ரெண்டும் இருக்கலாம்" என்றார் அவர். "ஒரு பாப்பாவ வெச்சு முடிவு சொல்ல முடியாது. ஏறுது. அது போதும் இப்போதைக்கு."

வெண்மதிக்கும் அது போதுமாக இருந்தது. இன்னொன்றும் நடந்தது. தன் துளிக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவள் நேரம் தவறாமல் பம்பை எடுத்தாள். குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். பால் ஒன்றிலிருந்து மூன்றானது, மூன்றிலிருந்து ஆறானது. ஒரு நாள் கிண்ணத்தில் கால் பாகம் நின்றது. செல்லி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அடி ஆத்தா! வந்துருச்சே!" என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

செல்லியின் பையனுக்கு மஞ்சள் குறைந்து, மறுநாள் அவர்கள் கிளம்பினார்கள். புடவை மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் செல்லி வார்டு கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"எம் பாலுதான் அது குடிக்குதா?"

"அது யாருக்கும் தெரியாது செல்லி. எல்லாத்துதும் ஒண்ணாச் சேத்தர்றாங்க."

"எம்பாலும் அதுல கலந்துதானே இருக்கும்?"

"இருக்கும்."

"அப்ப செரி." அவள் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

குழந்தை குழாயை விட்டு வெளியே வர இன்னும் பல வாரங்கள் ஆயின. நடுவில் ஒரு தடவை மூச்சு தடுமாறி, பால் நிறுத்தி, மறுபடி கொஞ்சத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் வெண்மதி வங்கிக்குத் தன் பாலைக் கொடுத்தாள். இப்போது அவளுக்கும் மிச்சம் இருந்தது. சூடாக்கும் இயந்திரத்துக்குள் அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சத்தில் கொஞ்சம் போகிறதே என்ற எண்ணம் வரும், இருந்தாலும் எங்கோ ஒரு குழந்தைக்குப் போய்ச் சேருமே என்றும் தோன்றும்.

பாலாடையில் குடிக்கும் காலம் வந்தது. சிறு மூக்குவைத்த அந்தக் கிண்ணத்தை உதட்டோரம் சாய்த்தபோது, குழந்தை நாக்கை நீட்டி நக்கி, முகத்தைச் சுளித்து, பிறகு விழுங்கியது. சின்னராஜ் அதைப் போனில் படம் பிடித்து, கடைக்கு வந்த விவசாயிகளிடமெல்லாம் காட்டினான். மோட்டார் எப்போது ரெடியாகும் என்று கேட்டு வந்தவர்கள் குழந்தை குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

குழந்தைக்கு மோனிஷா என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் எடை நிதானமாகத்தான் ஏறியது. கண் டாக்டரிடம் அடிக்கடி போக வேண்டியிருந்தது. தலை நிற்கவும் உட்காரவும் மற்ற பிள்ளைகளைவிடத் தாமதம். வெண்மதி பயந்தாள். பயந்துகொண்டே எண்ணெய் தேய்த்தாள், பயிற்சி செய்தாள், பாலூட்டினாள். ஒரு வருஷம் தாண்டி மோனிஷா எழுந்து நின்றாள்.

வெண்மதி மறுபடி வேலைக்குப் போனபோது, அதே கட்டில்களுக்கு நடுவே நடந்தாள். கண்ணைக் கசக்குகிற தாய்மார்கள் இப்போதும் இருந்தார்கள். சந்தோஷமாக இருங்கள் என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்பாள். "ஒண்ணுமே வரலீங்க சிஸ்டர்" என்பார்கள். "கிண்ணத்தக் காட்டுங்க" என்பாள். அடியில் ஒட்டியிருப்பதைச் சிரிஞ்சில் வழித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டுவாள். "இது என்னங்க இது? இதுக்குப் பேரு ஒண்ணும் இல்லையா?" என்பாள்.

கலந்து கொடுக்கும் முறை எல்லாக் குழந்தைக்கும் உடனே பலித்ததாகச் சொல்ல முடியாது. சில குழந்தைகள் தேறின. ஒன்றிரண்டு தேறவில்லை. அந்த நாட்களில் அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொம்மிடி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். சின்னராஜ் பைக்கில் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியை ஓட்டுவான்.

போன மாதம் மோனிஷாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வயது நெருங்குகிறது. எடைக்கருவியில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். வேளாங்கண்ணி தூக்கி நிறுத்தினார். யுவராணி எடை வளர்ச்சிக் கோடுகள் போட்ட அட்டையைப் பார்த்துவிட்டு, "கீழ்க்கோட்டுலதான் போறா. ஆனா விடாம போறா. நல்லாச் சாப்பிடறாளா?" என்றார்.

"கண்டதையும் திங்கறா டாக்டர்" என்றான் சின்னராஜ். "நேத்து எங்கடையில இருந்த ஒயரக் கடிச்சுட்டா."

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். கடத்தூர் தாண்டியதும் ஒரு இருக்கை கிடைத்தது. பக்கத்தில் இருந்த பெண் கொய்யாப்பழத்தைப் பிட்டு ஒரு துண்டை நீட்டினாள். மோனிஷா அதை வாங்கி, முன்பற்களால் கொறித்து, முகமெல்லாம் பூசிக்கொண்டு தின்றாள். வெண்மதி தன்னையறியாமல் குழந்தையின் சட்டைக்கு அடியில் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, ஒத்துக்காதா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லீங்க, ஒத்துக்கும்" என்றாள் வெண்மதி. "இன்னொரு துண்டு குடுங்க."